புளியங்கண்டிகை பொதுத்தளம் கண்ட வரலாறு

நாட்டில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பண்டிகை நாளில்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள் என்று மேலிடத்தில் யாரோ கவலைப்பட்டார்கள். கவலைப்படுவதற்கென்று ஒரு துறை இருந்தால் தேவலை என்று தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் நல்லிணக்க நன்றி இயக்ககம். பண்டிகைக்குப் பண்டிகை பிளவுபட்ட ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இரு தரப்பையும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்ல வைத்து, அவர்களுக்குள் பொதுத்தளம் காண்பது அதன் வேலை. தீபாவளிக்கு எங்கோ கண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வேறெங்கோ கண்டார்கள். பொங்கலுக்குத் திருத்தணிப் பக்கம் காண வந்தார்கள்.

எனக்கு இந்த இயக்ககத்தின் மேல் கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நிதானமாகச் சொல்லலாம்.

கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போனால் புளியங்கண்டிகை. ஒரு பக்கம் ஊர். இன்னொரு பக்கம் காலனி. காலனி என்ற சொல் இனிமேல் கூடாது என்று அதிகாரிகள் வந்து பழைய பலகையைப் பிடுங்கிவிட்டு, மல்லிகை நகர் என்று புதிதாக எழுதி நட்டார்கள். சொல் போய்விட்டது. காலனி அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், புறம்போக்கில், நெல் காயவைக்கிற சிமெண்டுக் களம். அரசாங்கம் போட்டுக் கொடுத்தது. எல்லாருக்கும் பொது. ஊர்க்காரர்கள் காயவைத்து முடித்த பிறகு பொது.

துளசிங்கம் மல்லிகை நகர்க்காரர். வயசெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று பறித்தும் வரப்போரம் அண்டை வெட்டியும் கழிந்தது. இந்த வருஷம்தான் ஊர்ப் பெரிய நிலக்காரர் பங்காரு தன் ஏரிக்கரைத் துண்டை அவருக்கு வாரத்துக்கு விட்டார். விளைவதில் பாதி பங்காருவுக்கு, பாதி துளசிங்கத்துக்கு. நெல் நன்றாகவே வந்தது. அறுப்பு மெஷின் இறங்கிய அன்று பார்த்துத் தூறல் போட்டுவிட்டது. ஈர நெல்லைச் சாக்கில் அள்ளி, துளசிங்கமும் அவர் மனைவி தாயாரம்மாளும் தாங்கள் குடியிருக்கும் ஒற்றை அறைத் தொகுப்பு வீட்டில் அடுக்கிவிட்டு, களம் எப்போது காலியாகும் என்று காத்திருந்தார்கள். சீக்கிரம் காயவைக்காவிட்டால் முளைத்துவிடும். அது ஒரு வருஷச் சோறு. முதன்முதலாகத் தன் கையால் விளைவித்த சோறு.

பாதி தன்னுடையது என்பதால் பங்காருவுக்கும் அக்கறை இருந்தது. ஊர்க்காரர்களிடம் பேசிக் களத்தைக் காலி செய்யவைத்தார். ஒரு காலையில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பங்காரு களத்தின் ஊர்ப் பக்க விளிம்பில் நின்றார், துளசிங்கம் காலனிப் பக்க விளிம்பில் நின்றார். நடுவில் அகலமான சிமெண்டு. குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசினால் கேட்கும்.

"நாளைக்கு நீ போட்டுக்கடா துளசி. பொங்கலுக்குள்ள காய்ஞ்சிடும்" என்றார் பங்காரு.

"ஆங், சரிங்க நைனா" என்றார் துளசிங்கம்.

அந்த நேரத்தில்தான் ஜீப் வந்து நின்றது. சிறப்பு இணக்க அலுவலர் சுந்தரமூர்த்தியும் அவருடைய உதவியாளர் மோகனப்ரியாவும் இறங்கினார்கள். காலையிலிருந்து மூன்று ஊருக்குப் போய், எங்கள் ஊரில் பிளவே இல்லை என்ற பதிலைக் கேட்டு நொந்துபோயிருந்தார்கள். பிளவு கிடைக்காவிட்டால் விழா இல்லை. விழா இல்லாவிட்டால் நிதி திரும்பிப் போய்விடும்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி.

"இல்லீங்களே" என்றார்கள் இருவரும்.

"அப்புறம் ஏன் இவ்வளவு தூரத்துல நின்னு பேசறீங்க?"

இருவருக்கும் கேள்வி புரியவில்லை. இது தூரம் என்று அவர்களுக்கு அதுவரை தோன்றியதில்லை. "எப்பவும் இங்கதாங்க நிப்பேன்" என்றார் துளசிங்கம்.

பங்காருவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க ஊர்ல பிளவு கிளவு ஒண்ணும் கெடையாதுங்க. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க கீறாங்க. எந்தப் பிரச்சனையும் இல்ல."

"இவ்வளவு தெளிவா எனக்கு யாரும் சொன்னதில்ல" என்று நெகிழ்ந்தார் சுந்தரமூர்த்தி. மோகனப்ரியா பக்கம் திரும்பி, "பிளவு உண்டுன்னு போட்டுக்கோம்மா" என்றார்.

பிறகு இருவரையும் களத்தின் நடுவுக்கு அழைத்து விளக்கினார். நாடு இரண்டாகக் கிடக்கிறது, நன்றியால்தான் ஒட்டவைக்க முடியும், அதற்கு இந்த ஊரில் முதலில் ஒரு பொதுத்தளம் கண்டாக வேண்டும், உங்களுக்குத் தெரிந்து இங்கே பொதுத்தளம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

துளசிங்கத்துக்குத் தளம் என்றால் சிமெண்டு. ஜல்லி கொட்டி, கலவை போட்டு, மட்டப்பலகையால் இழுப்பது. ஒருவேளை இவர்கள் பொதுப்பணிக்காரர்களோ என்று நினைத்துக்கொண்டு, காலுக்குக் கீழே கையைக் காட்டினார்.

"இதாங்க பொதுத்தளம். ஓரத்துல கொஞ்சம் வெடிப்பு வுட்டுகீது. மத்தபடி ஸ்ட்ராங்கா கீது சார்."

சுந்தரமூர்த்தி குனிந்தார். ஷூவைக் கழற்றினார். களத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "படிக்காத மனிதர் ஒரு நொடியில் காட்டிவிட்டார், மோகனப்ரியா. நாம் இதைக் கருத்தரங்குகளில் தேடிக்கொண்டிருந்தோம்" என்று அச்சடித்த தமிழில் சொன்னார். மோகனப்ரியா படம் எடுத்தார். அந்தப் படத்தில் துளசிங்கம் வெடிப்பு எங்கே என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருப்பார். அது பிறகு இயக்ககத்தின் காலண்டரில் வந்தது.

மறுநாள் விடிந்ததும் துளசிங்கம் முதல் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு களத்துக்கு வந்தார். அங்கே ஷாமியானா பந்தல் ஏறிக்கொண்டிருந்தது. சிமெண்டு தெரியாமல் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். சாக்கை எங்கே இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"இது நெல்லா?" என்றார் சுந்தரமூர்த்தி.

"ஆங். காயவெக்கணும் சார். ஒரு ஓரமா போட்டுக்கறேன்."

"ஐயா, நெல் காயவைக்கிறது ஒரு தரப்போட வேலை. நேத்துலருந்து இந்த எடம் நடுநிலை. எந்தத் தரப்பும் இதைப் பயன்படுத்தக் கூடாது. நீங்க கண்டுபிடிச்ச எடம், நீங்களே மீறலாமா?"

"நெல்லு ரெண்டு தரப்போடதும்தாங்க. பாதி அவுரது, பாதி என்னுது."

சுந்தரமூர்த்தி யோசித்தார். நல்ல அதிகாரி எல்லாவற்றையும் யோசிப்பார். "அது பொருளாதாரம். வேளாண் துறை பாத்துக்கும். எங்களுது மனசு" என்றார்.

துளசிங்கம் சாக்கைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிப் போனார். பங்காருவிடம் போய்ச் சொல்லலாம் என்றால், பங்காரு விழாவில் ஊர்த் தரப்புப் பிரதிநிதி ஆகியிருந்தார். பொன்னாடை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே அவருக்கு நெல் ஞாபகம் கொஞ்சம் குறைந்திருந்தது. "கவுர்மெண்ட்டு காரியம்டா. ரெண்டு நாள் பொறு" என்றார்.

பயிற்சி தொடங்கியது. முதல் பாடம், இருவருக்கும் பொதுவானதைக் கண்டுபிடிப்பது. இரண்டு பேரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்றார்கள். துளசிங்கம் பங்காருவுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார். பங்காரு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"சாமிங்க" என்று ஆரம்பித்தார் துளசிங்கம். "ஆடிக் கிருத்திகைக்கு அவுரும் மலைக்குக் காவடி எடுப்பாரு, நானும் எடுப்பேன்."

"மதம். சர்ச்சை" என்றார் மோகனப்ரியா.

"பேச்சுங்க. அவுரு வூட்லயும் தெலுங்குதான், எங்க வூட்லயும் பாதி தெலுங்குதான். எங்கப்பாவ நைனான்னுதான் கூப்புடுவேன்."

"மொழி. எல்லைப் பகுதி வேற. கண்டிப்பா கூடாது."

"நெல்லு" என்றார் துளசிங்கம் மறுபடியும்.

"ஐயா, அத விட்டுடுங்கன்னு சார் சொன்னார்ல."

கடைசியில் இருவரும் டீ குடிக்கிறவர்கள் என்பது கண்டுபிடிக்கப்பட்டது. இருவருமே கே.ஜி.கண்டிகை முக்குக் கடையில்தான் குடிக்கிறார்கள். மோகனப்ரியா நல்ல பெண், வேலைக்குப் புதிது. பங்காரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் குடிக்கிறார், துளசிங்கம் வெளியே நின்று பேப்பர் கப்பில் குடிக்கிறார் என்ற தகவலையும் விசாரித்துச் சுந்தரமூர்த்தியிடம் சொன்னார்.

"யார் உக்காந்து குடிக்கிறாங்க, யார் நின்னு குடிக்கிறாங்கங்கறது விவரம்மா" என்றார் சுந்தரமூர்த்தி. "விவரத்துக்குப் போனா பிளவு வரும். டீயோட நிறுத்திக்கணும்."

இரண்டாவது பாடம் நன்றி. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து, எதற்காக நன்றி என்று சொல்ல வேண்டும். பங்காருவுக்கு இது விளங்கவில்லை. அவர் நன்றியை வாங்கிப் பழகியவர், கொடுத்துப் பழக்கமில்லை. "இவனுக்கு நான் இன்னாத்துக்குங்க? வரான், வேல செய்றான், போறான்" என்றார். செய்ததற்குச் சொல்ல முடியாவிட்டால், செய்யாமல் இருந்ததற்குச் சொல்லலாம் என்று சுந்தரமூர்த்தி வழி காட்டினார். பங்காருவுக்கு உடனே முகம் தெளிந்தது.

"எங்க தெருவுல வண்டிய ஓட்டிகினு போவ மாட்டான். எறங்கித் தள்ளிகினுதான் போவான். அதுக்கு நன்றி."

"அருமை. ஒருவருக்கொருவர் மரியாதை" என்று எழுதச் சொன்னார் சுந்தரமூர்த்தி. எனக்கு இதை எழுதும்போது கை கூசுகிறது. அவருக்குக் கூசவில்லை.

துளசிங்கத்தின் முறை வந்தபோது வேறொரு சிக்கல். அவர் வாயில் நன்றி என்ற சொல் வரவில்லை. அவர்கள் பேச்சில் அந்தச் சொல்லே கிடையாது. யாராவது ஏதாவது கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வரேங்க" என்று சொல்லிவிட்டு வருவார்கள். வீட்டுக்குள் யாரும் யாருக்கும் அதுவும் சொல்வதில்லை. நன்றி என்பது மேடைக்காரர்கள் மைக்கை விடுவதற்கு முன்னால் சொல்வது என்றுதான் அவர் நினைத்திருந்தார். விழாவில் எப்படியாவது சொல்லியாக வேண்டும், அதற்குள் மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

வீட்டில் தாயாரம்மாள் ஒரு சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைய வெச்சுப் பாரு. கொதிக்குது" என்றார்.

துளசிங்கம் வைத்துப் பார்த்தார். உள்ளே சூடாக இருந்தது. ஒரு பிடி அள்ளினார். நெல்லின் மூக்கில் வெள்ளையாக ஒரு புள்ளி எட்டிப் பார்த்தது.

"பொங்கல் முடிஞ்சா களத்த வுட்ருவாங்களாம்."

"நெல்லு அதுவரைக்கும் கேட்டுகினு இருக்குமா? நீ அந்த ஆபீசருகிட்ட நேரா சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். மனசுதான் எங்களுதுன்றாரு."

தாயாரம்மாள் எழுந்தார். சாக்குகளைக் கவிழ்த்து, வீட்டுத் தரையிலும் வாசலிலும் பாயிலும் புடவையிலும் முடிந்த மட்டும் பரப்பினார். அதில் பிடித்தது கொஞ்சம்தான். மிச்சம் சாக்கிலேயே வெந்துகொண்டிருந்தது. வெயிலும் அந்த இரண்டு நாளும் சரியாக வரவில்லை, பனிமூட்டம்.

விழா நாளன்று கம்பளத்தின் மேல் அடுப்பு மூட்டிச் சமத்துவப் பொங்கல் வைத்தார்கள். ஊர் நெல் இன்னும் அரைத்து வராததால் அரிசி திருத்தணிக் கடையிலிருந்து மூட்டையாக வந்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த இரண்டு வரிசை போடச் சொன்னார்கள். யாரும் எதுவும் சொல்லாமலே ஊர் ஒரு வரிசையிலும் மல்லிகை நகர் இன்னொரு வரிசையிலும் நின்றது. எவ்வளவு கட்டுப்பாடான மக்கள் என்று சுந்தரமூர்த்தி வியந்தார்.

பிறகு அவர் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. இந்த ஊரின் பிளவைக் கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. நீங்கள் அதை அவ்வளவு அமைதியாக, அவ்வளவு அழகாக, இத்தனை காலமாகப் பாதுகாத்து வந்திருக்கிறீர்கள். அதற்கு இயக்ககத்தின் சார்பில் முதல் நன்றி. பிளவு இல்லாத நாட்டில் நல்லிணக்கத்துக்கு என்ன வேலை? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடப்பிறந்த தம்பியோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு காம்பவுண்டுச் சுவர் தகராறு. அம்மாவின் காரியத்துக்குக்கூட ஆளுக்கொரு நேரம் பிரித்துக்கொண்டுதான் போனோம். ஆனாலும் மனம் தளராமல், எங்காவது ஓர் ஊரில் யாராவது இருவரைக் கைகுலுக்க வைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு பண்டிகைக்கும் வீடு திரும்புகிறேன். சமத்துவம் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது பெரிய செலவு. நன்றிக்குச் செலவில்லை."

கைதட்டல் நின்றதும் பங்காருவும் துளசிங்கமும் கைகுலுக்கினார்கள். பங்காரு உடனே கையைத் துண்டில் துடைத்தார். படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் குலுக்கச் சொன்னார்கள். மறுபடியும் துடைத்தார். வியர்வை என்றார். அப்போது பனி பெய்துகொண்டிருந்தது.

துளசிங்கத்தின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவர் வரும் வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனால் தனக்கு எழுதப் படிக்கத் தெரிந்த வரையில், நன்றி என்ற சொல்லை அவர் பார்த்தது ஒரே இடத்தில்தான். ஊரை விட்டு வெளியே போகும்போது ஊராட்சி வைத்திருக்கும் வளைவின் பின்பக்கத்தில். அது மொத்தமும் ஒரே சொல் என்று அவர் நினைத்திருந்தார். மைக்கை வாயருகே வைத்து, தெளிவாக, பயபக்தியோடு சொன்னார்.

"நன்றி மீண்டும் வருக."

சுந்தரமூர்த்தியின் கண் கலங்கிவிட்டது. இதுவரை எந்த ஊரிலும் யாரும் இயக்ககத்தை மீண்டும் வரச் சொன்னதில்லை. பல ஊர்களில் சீக்கிரம் கிளம்பத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் மைக்கை வாங்கி, மக்களின் வேண்டுகோளை இயக்ககம் தலைவணங்கி ஏற்கிறது என்றார். இந்தக் களம் இன்று முதல் நிரந்தர ஒற்றுமைத் திடலாக அறிவிக்கப்படுகிறது, ஆண்டுதோறும் இங்கே விழா நடக்கும், அதுவரை திடலின் புனிதம் கெடாமல் கம்பி வேலி போட்டுப் பூட்டி வைக்கப்படும், சாவி திருத்தணி அலுவலகத்தில் இருக்கும் என்றார். துளசிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அந்தப் பொன்னாடைக்குள் நின்று, பூட்டி என்ற சொல் தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மாட்டுப் பொங்கலன்று வேலிக் கம்பம் நடும் வேலை நடந்துகொண்டிருக்க, துளசிங்கமும் தாயாரம்மாளும் சாக்குகளைத் தார் ரோட்டின் ஓரத்துக்கு இழுத்து வந்து பிரித்தார்கள். ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. வீட்டில் பரப்பிக் காத்ததும் மேலே அடுக்கிய சாக்குகளும் தப்பித்திருந்தன. அடியில் இருந்ததெல்லாம் வெள்ளை வேர் விட்டு, ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாக வந்தது. புளித்த வாடை அடித்தது. கிட்டத்தட்ட சரிபாதி.

பங்காரு பைக்கில் வந்து இறங்கினார். இரண்டு குவியலையும் பார்த்தார். நல்ல குவியலில் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"சரி, இத வூட்ல கொண்டாந்து போட்று" என்றார்.

"நைனா, அது மொத்தமும் நல்ல நெல்லு."

"ஆமா. பாதிக்குப் பாதிதானடா பேச்சு? மொளச்சது உன் பாதி. உன் வூட்ல இருந்துதான மொளச்சிது?"

துளசிங்கம் முளைத்த குவியலைப் பார்த்தார். களத்தைப் பொதுத்தளம் என்று காட்டியது தான்தானே, மீண்டும் வரச் சொன்னதும் தான்தானே என்று அவருக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருவன் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு, போட்டது அவன் கைதான் என்று அவனையே நம்பவைக்கிற வித்தையை இவர்கள் எங்கே கற்றார்கள்?

தாயாரம்மாளுக்கு அப்படித் தோன்றவில்லை. "எட்த்துகினு போ நைனா. நல்லா துண்ணு" என்றார். அந்தக் குரலைக் கேட்டுப் பங்காரு பைக்கை உதைத்துக் கிளம்பினார். நெல்லை மட்டும் ஆள் அனுப்பி மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கணவனும் மனைவியும் முளைத்த நெல்லைச் சாக்குச் சாக்காகச் சுமந்து போய் ஒற்றுமைத் திடலின் புது கேட்டுக்கு முன்னால் கொட்டினார்கள். தாயாரம்மாள் கேட்டைப் பார்த்து ஒரு பிடி மண்ணைத் தூற்றினார். வயிறு எரியச் சபித்தார். என்ன சொல்லிச் சபித்தார் என்பதை இங்கே எழுத முடியாது. துளசிங்கம் பொன்னாடையையும் அதன் மேல் போட்டார். பிறகு இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் வேலியைப் பார்வையிட வந்த மோகனப்ரியா அந்தக் குவியலைப் படம் எடுத்து அனுப்பினார். சுந்தரமூர்த்தி அதைப் பார்த்து மிகவும் உருகிப்போனதாகக் கேள்வி. ஏழை உழவர் ஒருவர் தன் முதல் விளைச்சலையும் தனக்குக் கிடைத்த பொன்னாடையையும் நல்லிணக்கத்தின் வாசலில் காணிக்கையாக்கினார் என்று அறிக்கை மேலே போனது. மேலிருந்து பாராட்டு வந்தது. சுந்தரமூர்த்தி கூடுதல் இயக்குநர் ஆனார்.

மாசி பிறந்ததும் மோகனப்ரியா ஓர் ஆணையோடு துளசிங்கத்தின் வீட்டுக்கு வந்தார். துளசிங்கம் அப்போதுதான் வேறொருவர் நிலத்தில் களை பிடுங்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். வாரத்து நிலத்தைப் பங்காரு திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். மோகனப்ரியா ஆணையை வாசித்துக் காட்டினார். இவ்வாண்டு மக்கள் தாமாக முன்வந்து தொடங்கிய நன்றிக் காணிக்கை இனி ஒவ்வொரு பொங்கலுக்கும் தொடர வேண்டும். மல்லிகை நகரைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு சாக்கு நெல் கொண்டுவந்து திடலின் வாசலில் சேர்க்க வேண்டும். ஊர்த் தரப்பு அதைப் பெற்றுக்கொண்டு நன்றி தெரிவிக்கும்.

அவர் ஒரு கணம் தயங்கி, கடைசி வரியையும் வாசித்தார். காணிக்கை நெல் நன்கு உலர்ந்ததாக இருக்க வேண்டும். முளைத்த நெல் ஏற்கப்படாது.

துளசிங்கம் ஈரக் காலோடு நின்று கேட்டார்.

"எங்கம்மா காயவெக்கறது?"

மோகனப்ரியா திரும்பிப் பார்த்தார். கம்பி வேலிக்கு உள்ளே களம் நல்ல வெயிலில் காலியாகக் கிடந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரோடு இருக்கே ஐயா" என்றார். "வண்டிங்களுக்கு இடைஞ்சல் இல்லாம பாத்துக்கங்க."